கொம்புத் தவளையின் குலமும் நிலமும்

உயிரினம் ஒன்றிற்குப் பெயரிடுதல் எளிது. அப்பெயர் எந்த உயிருக்கு உரியது, அவ்வுயிர் எந்நிலத்தில் வாழ்வது என்று வரையறுத்தல் அரிது. சாவகத் தீவின் மலைக்காடுகளில் வாழும் கொம்புத் தவளை ஒன்றிற்கு 1822ஆம் ஆண்டில் பெயர் வழங்கப்பட்டது. அப்பெயரின் எல்லை எதுவென்று தெளிவதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின. தமிழ்த்துறை மலரில் தவளைக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவை ஆராய்வதே மொழி பயில்வோர் தொழில் என்றால், விலங்கியலின் வகைப்பாட்டுத்துறை அத்தொழிலுக்கு நெருங்கிய உறவுடையது என்பதே நம் விடை. மேலும், மணிமேகலைக் காப்பியம் சாவகம் எனப் பெயர் சுட்டும் நாட்டை அறிஞர் பலர் இத்தீவோடு பொருத்திக் காண்பர். ஆதலின் நிலமும் நமக்கு முற்றிலும் அயலன்று.

இத்தவளையின் அறிவியற் பெயர் மெகோஃப்ரிஸ் மொண்டானா என்பது. முதற்சொல் கிரேக்கம், 'பெரும் புருவம்' எனப் பொருள்படும். இரண்டாம் சொல் இலத்தீன்; 'மலைக்குரியது' என்பது அதன் பொருள். பெரும் புருவத்தை உடைய மலைத் தவளை என்று நாம் விரித்துக் கொள்ளலாம். பெயரே ஒரு சிறு வருணனையாக அமைந்துள்ளமை காண்க.

புருவம் என்றது கண்ணின் மேலிமை நீண்டு கூர்மையாகப் புறத்தே துருத்தி நிற்பதை. பார்ப்போர் அதனைக் கொம்பு என்பர். ஆயினும் மானின் கொம்பைப் போல எலும்பாலோ, ஆட்டின் கொம்பைப் போல உறையும் எலும்பும் சேர்ந்தோ அமைந்ததன்று இது. வெறும் தோல் நீட்சியே. போரிடவோ முட்டவோ அது பயன்படுவதில்லை. மழைக்காட்டின் தரையில் மக்கும் இலைகளிடையே இத்தவளை அசையாது அமர்ந்திருக்கும்போது, இமைநுனியும் உடலின் பழுப்பு நிறமும் முதுகில் ஓடும் தோல் வரம்புகளும் சேர்ந்து, அதனை உதிர்ந்த இலை போலவே தோன்றச் செய்கின்றன. இலையின் காம்பும் நரம்பும் மடிப்பும் அதன் மேனியில் உள்ளன. அருகில் வரும் பூச்சியையோ புழுவையோ அகன்ற வாயால் கவ்விக்கொள்ளும் வரை அது இருக்குமிடம் தெரியாது. தலை பெரிது, பின்னங்கால்கள் குறுகியவை. தாவித் திரிவது இதன் வழக்கமன்று, காத்திருப்பதே வழக்கம். கண்ணின் பாவை செங்குத்தாகச் சுருங்குவது. நம் வீட்டு முற்றத்துத் தேரையின் பாவை கிடையாகச் சுருங்குவதோடு இதனை ஒப்பிட்டு நோக்கின் வேறுபாடு விளங்கும். ஆணைவிடப் பெண் உருவிற் பெரியது.

தென்னமெரிக்காவிலும் கொம்புத் தவளைகள் உள. அவை செரட்டோஃப்ரிஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. அவற்றிற்கும் இமைமேல் கூர்நுனி உண்டு. அவையும் காத்திருந்து கவ்வுவனவே. ஆயினும் இரண்டிற்கும் இடையே நெருங்கிய குருதியுறவு இல்லை. ஒத்த வாழ்க்கை ஒத்த வடிவத்தை ஈன்றது, அவ்வளவே. 19ஆம் நூற்றாண்டின் அறிஞர் சிலர் ஆசியத் தவளைகளையும் அப்பெயரோடு தொடர்புடைய பெயர்களாலேயே அழைத்தனர். வடிவ ஒப்புமையைக் கொண்டு உறவு கூறுதல் எத்துணை இடர் தருவது என்பதற்கு இது முதற் சான்று. மேலும் சில பின்னர் வரும்.

பெயரிட்ட இளைஞர் இருவர்

இப்பெயரைச் சூட்டியோர் ஹைன்ரிக் கூல், யோகன் கூன்ராட் வான் ஹாசெல்ட் என்னும் நண்பர் இருவர். முன்னவர் ஜெர்மனியின் ஹானாவிற் பிறந்தவர், பின்னவர் ஒல்லாந்தர். இருவரும் 1797ஆம் ஆண்டிற் பிறந்தவர்கள். ஒல்லாந்து அரசு தன் ஆட்சியிலிருந்த கீழைத் தீவுகளின் இயற்கை வளத்தை ஆராய 1820இல் ஒரு குழுவை அமைத்தது. அதே ஆண்டில் லைடன் நகரில் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் நிறுவப்பெற்றது. அக்குழுவின் சார்பில் கப்பலேறிய இவர்கள் அவ்வாண்டின் இறுதியிற் பத்தாவியாவை, அதாவது இன்றைய சகார்த்தாவை, அடைந்தனர்.

பொய்டென்சோர்க் என்று ஒல்லாந்தர் அழைத்த ஊரே அவர்களுடைய இருப்பிடம். இன்று அதன் பெயர் போகோர். சாலாக், கெடே, பங்ராங்கோ ஆகிய எரிமலைகள் சூழ்ந்த அவ்வூரிலிருந்து அவர்கள் மலைக்காடுகளுட் புகுந்து பறவை, மீன், ஊர்வன, தவளை என எதையும் விடாது சேகரித்தனர், படம் வரைவித்தனர், லைடனுக்கு அனுப்பினர். பொய்டென்சோர்க் என்ற ஒல்லாந்துச் சொல்லிற்குக் 'கவலையற்ற இடம்' என்பது பொருள். அவ்விடத்திலேயே 1821 செப்டம்பர் 14ஆம் நாள், 24 வயது நிரம்புவதற்கு மூன்று நாள் இருக்கையில், கூல் இறந்தார். சாவகத்திற்கு அவர் வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. நண்பரின் பணியைத் தனியே தொடர்ந்த வான் ஹாசெல்ட்டும் 1823 செப்டம்பர் 8ஆம் நாள் அவ்வூரிலேயே உயிர்நீத்தார். போகோர்த் தாவரவியற் பூங்காவினுள் உள்ள பழைய இடுகாட்டில் இருவரும் துயில்கின்றனர்.

மெகோஃப்ரிஸ் மொண்டானா என்ற பெயர் 1822இல் ஒல்லாந்து இதழ் ஒன்றிற் கடித வடிவில் வெளிவந்தது. பெயரிட்டவருள் ஒருவர் அப்போது உயிருடன் இல்லை. அச்சேறிய செய்தியும் மிகச் சுருக்கமானதே. அவர்கள் சேகரித்த ஊர்வனவற்றையும் நீர்நில வாழ்வனவற்றையும் முறையாக விவரித்து எழுதும் பொறுப்பை ஹைன்ரிக் போயி என்பவர் மேற்கொண்டார். பின்னர் அவரும் சாவகம் சென்றார். 1827இல் அங்கேயே மாண்டார். அவர் எழுதிய சாவக ஊர்வன நூல் திட்டமிட்டபடி வெளிவரவே இல்லை. ஒரு தவளையின் எல்லை இருநூறு ஆண்டுகள் தெளியாமற் கிடந்ததற்குக் காரணங்கள் பல உள. விரிவான முதல் விளக்கம் எழுதியிருக்க வேண்டியவர்கள் முப்பது வயதைக்கூட நெருங்காமலோ எழுத்தை முடிக்காமலோ மறைந்ததும் அவற்றுள் ஒன்றெனக் கருதுகிறோம்.

பெயர் பரந்த வரலாறு

1858இல் லைடன் அருங்காட்சியகத்தின் தலைமையை ஏற்ற ஹெர்மான் ஷ்லேகெல், அவ்வாண்டிலேயே மற்றொரு கொம்புத் தவளையை அறிவித்தார். இமைக்கொம்பு இரண்டோடு மூக்கின் நுனியிலும் நீண்ட தோல் நீட்சியொன்று அதற்கு உண்டு. ஆதலின் 'மூக்குடையது' என்னும் பொருளில் நசுட்டா என்று பெயரிட்டார். சாவக மலைத் தவளைக்கு இத்தகைய நீண்ட மூக்கு இல்லை. மலேயாவிலும் சுமத்திராவிலும் போர்னியோவிலும் வாழும் இந்நீள்மூக்கனையே இன்று உலகின் பல படநூல்களில் காண்கிறோம். கொம்புத் தவளை என்றவுடன் பலர் நினைப்பதும் இதனையே.

வேறுபாடு இவ்வளவு வெளிப்படையாக இருந்தும் பிற்காலத்தார் இரண்டையும் ஒன்றாக்கினர். அருங்காட்சியகப் புட்டிகளில் சாராயத்தில் ஊறிக் கிடக்கும் உடல்கள் நிறம் இழக்கின்றன. தோல் நீட்சிகள் சுருங்குகின்றன. ஓரிடத்திலிருந்து கிடைப்பதோ ஒன்றிரண்டு மாதிரிகள். அவற்றை அளந்து பார்த்தவர், 'மூக்கு நீளம் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. ஆகவே ஓரினத்தின் பல வடிவங்களே இவை' என்று முடிவு செய்தனர். ஓரினத்தைத் துணையினங்களாகப் பகுத்து வைக்கும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஓங்கியிருந்ததும் இதற்குத் துணை செய்தது.

பிலிப்பைன் தீவுகளின் கதை இதனை நன்கு காட்டும். எட்வர்டு டெய்லர் என்னும் அமெரிக்க அறிஞர் 1920இல் அத்தீவுகளிலிருந்து இரு கொம்புத் தவளைகளைத் தனித்தனி இனங்களாக விவரித்தார். மிந்தனாவோவில் வாழ்வது ஸ்டெய்னெகெரி. பலாவானில் வாழ்வது லிகாயே. சிக்காகோ அருங்காட்சியகத்தின் இராபர்ட் இங்கர் 1954இல் பிலிப்பைன் நீர்நில வாழ்வன பற்றி வெளியிட்ட பெருநூலில் அவ்விரண்டையும் பரந்த ஓரினத்தின் துணையினங்களாகத் தாழ்த்தினார். இங்கர் எளிதில் முடிவு கட்டுபவர் அல்லர். தென்கிழக்காசியத் தவளைகளைப் பற்றி அவரினும் மிகுதியாக அறிந்தவர் அந்நூற்றாண்டிற் சிலரே. கையில் இருந்த சான்று அவ்வளவே இடங்கொடுத்தது. பின்னர் இரண்டும் மீண்டும் தனியினங்களாக உயர்த்தப்பெற்றன. நீள்மூக்கனும் அவ்வாறே தன் பெயரைத் திரும்பப் பெற்றது. ஆக, சாவகத்தில் பிறந்த பெயர் ஒரு காலத்தில் சுமத்திரா, மலேயா, போர்னியோ, பிலிப்பைன் எனக் கடல் கடந்து பரந்து நின்று, பின்னர்ப் படிப்படியாகச் சுருங்கலாயிற்று.

பிரிக்கும்போது பழைய பெயர் யாருக்கு உரியது? இவ்வினாவிற்கு விலங்கியற் பெயரீட்டு விதிகள் தெளிவான விடை தருகின்றன. முதலிற் பெயரிட்டபோது கையில் இருந்த மாதிரி எந்த இடத்து உயிரோ, அவ்வுயிருக்கே அப்பெயர். கூட்டுக் குடும்பம் பாகம் பிரியும்போது மூலப் பத்திரத்திற் குறித்த மனை எதுவோ அதற்கே பழைய வீட்டுப் பெயர் நிற்பது போன்றது இது. மற்றவை வேறு பெயர் தேடிக்கொள்ள வேண்டும்; முன்பே யாரேனும் பெயரிட்டிருந்தால் அதனை மீட்டுக்கொள்ளலாம். மொண்டானாவின் மூலம் சாவகம். ஆகவே எத்தனை முறை பிரித்தாலும் அப்பெயர் சாவகத்தை விட்டு நீங்காது.

சுமத்திரா இவ்வகையில் வியப்பளித்தது. அங்கு வாழ்வதும் மொண்டானாவே என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 2005இல் இங்கரும், இந்தோனேசியாவின் பாண்டுங் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த சோகோ இசுகந்தரும் மேற்குச் சுமத்திராவிலிருந்து பராலெலா என்னும் புதிய இனத்தை அறிவித்தனர். அரை நூற்றாண்டிற்கு முன் இனங்களை ஒன்றுசேர்த்த அதே இங்கர் இப்போது பிரிப்பவராக நிற்கிறார். சான்று மாறினால் முடிவை மாற்றிக்கொள்ளும் இப்பண்பு போற்றத்தக்கது. அதன்பின் 2018இல் லன்சிப் என்னும் இனம் தென்மேற்குச் சுமத்திராவிலிருந்து விவரிக்கப்பட்டது. லன்சிப் என்பது இந்தோனேசிய மொழிச் சொல். 'கூர்மையானது' எனப் பொருள்படும். கிரேக்கமும் இலத்தீனும் மட்டுமே அறிவியற் பெயருக்கு உரியவை என்ற எண்ணம் உடைந்துவிட்டது என்பதை நம் மாணவர்கள் கருத்திற் கொள்ள வேண்டும். 2021இல் அசெகென்சிசு, செலத்தனென்சிசு என மேலும் இரண்டு சுமத்திரா இனங்கள் சேர்ந்தன. முன்னது அச்சே நிலத்தின் பெயரால் அமைந்தது. பின்னதன் பெயரிலுள்ள செலத்தான் என்பது இந்தோனேசிய மொழியில் தென்றிசையைக் குறிக்கும்.

பேரினத்தின் பாகப்பிரிவினை

இனங்களின் எல்லை இவ்வாறு மாறிக்கொண்டிருக்க, அவற்றைத் தாங்கும் பேரினத்தின் எல்லையும் நிலைத்து நிற்கவில்லை. முற்காலத்தில் இத்தவளைகள் ஐரோப்பாவின் மண்தோண்டித் தவளைகளோடு ஒரே குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்தன. பின்னர் மெகோஃப்ரிடே என்னும் தனிக்குடும்பம் ஏற்கப்பட்டது. இமயமலையின் கிழக்குப் பகுதியிலிருந்து சீனா, இந்தோசீனா, மலேயா, சுந்தாத் தீவுகள், பிலிப்பைன் வரை பரந்துள்ள ஆசியக் கொம்புத் தவளைகள் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களாக இன்று எண்ணப்படுகின்றன.

இவற்றை ஒரே பேரினமாகக் கொள்வதா, பலவாகக் கொள்வதா? 2017இல் மரபணுச் சான்று கொண்டு வெளிவந்த இரு பெரும் ஆய்வுகள் இரு வேறு விடைகளைத் தந்தன. ஒன்று பேரினங்களைப் பிரித்தது. மற்றொன்று, இந்திய ஆய்வாளர் எஸ். டி. பிஜுவும் பங்கேற்றது, அனைத்தையும் மெகோஃப்ரிஸ் என்னும் ஒரே பேரினத்தில் வைத்து ஏழு துணைப்பேரினங்களாக வகுத்தது. 2023இல் சீன ஆய்வாளர் வெளியிட்ட விரிவான மறுஆய்வு இக்குலத்தைப் பத்துப் பேரினங்களாகப் பகுத்தது. அப்பகுப்பின்படி நீள்மூக்கனும் போர்னியோ, பிலிப்பைன் உறவினங்களும் பெலோபட்ராகசு என்னும் பேரினத்திற்குச் சென்றன. 1908இல் உருவாகி நெடுநாள் மறக்கப்பட்டிருந்த பெயர் அது. மெகோஃப்ரிஸ் என்ற பெயரில் எஞ்சியவை ஐந்தே: சாவகத்தின் மொண்டானாவும், மேலே கூறிய சுமத்திரா இனங்கள் நான்கும். இதனை ஏற்பவரும் உளர். பழைய ஒற்றைப் பேரினத்தையே கையாள்பவரும் உளர். உறவுமுறை இன்னதென்பதில் இவர்களிடையே வேறுபாடு குறைவே. ஒரே மரத்தில் எந்தக் கிளை வரையில் ஒரு பெயரைத் தொங்கவிடுவது என்பதே வழக்கு. ஒரே தவளை இரு நூல்களில் இரு பெயரோடு தோன்றினால் மாணவர் மயங்க வேண்டா.

மலைகளே தீவுகளாக

பரவலைப் புரிந்துகொள்ளச் சற்றே பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியூழி உச்சத்தில் இருந்தபோது, கடல்மட்டம் இன்றுள்ளதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. சாவகம், சுமத்திரா, போர்னியோ ஆகியவற்றிற்கு இடைப்பட்ட கடல் ஆழமற்றது. ஆதலின் அவை யாவும் மலேயாவோடு இணைந்து சுந்தா நிலம் என்னும் ஒரே பெருநிலமாயிருந்தன. அத்தகைய தாழ்வுகள் பனியூழிகள் தோறும் நிகழ்ந்தவை. அப்படியாயின் தவளைகள் எளிதிற் கலந்து ஒரே இனமாக இருந்திருக்க வேண்டுமே என்று வினவலாம். நிலம் இணைந்தாலும் மலை இணைவதில்லை. ஈரமும் குளிரும் நிழலும் மெல்ல ஓடும் தெளிந்த நீரோடையும் இன்றி வாழாத உயிருக்கு, இரு மலைகளுக்கிடையிலான தாழ்நிலம் கடலுக்கு நிகரான தடையாகும். மலைவாழ் தவளை இடத்துக்கு இடம் வேறினமாகப் பிரிந்து நிற்பதற்கு இவ்விளக்கமே பொருத்தமாகத் தோன்றுகிறது.

நீரோடை இன்றியமையாதது தலைப்பிரட்டைக்காக. இதன் தலைப்பிரட்டையின் வாய் கீழ்நோக்கி இராமல் மேல்நோக்கித் திரும்பி, உதடுகள் விரிந்து ஒரு புனல் போல அமைந்துள்ளது. நீரின் மேற்பரப்பில் அப்புனலை விரித்து, உடல் கீழே தொங்க, மிதந்து நிற்கும். பரப்பில் மிதக்கும் நுண்துகள்கள் வாயினுள் இழுக்கப்படும். நம் குளத்துத் தலைப்பிரட்டைகள் பாசியைச் சுரண்டப் பயன்படுத்தும் பல் வரிசைகள் இதற்கு இல்லை. புனல் வாயின் பயன் குறித்து மால்கம் ஸ்மித் என்பவர் 1926இலேயே தனிக்கட்டுரை வரைந்துள்ளார். ஓடையில் மண் கலங்கி ஓடினாலோ, நிழல்தரும் மரங்கள் வீழ்ந்தாலோ, பரப்பில் மிதந்து உண்ணும் இக்குஞ்சு உயிர்க்கு இடரே.

சாவகத்தின் மேற்கு, நடு, கிழக்குப் பகுதிகள் மூன்றிலும் இத்தவளை காணப்பட்டுள்ளது. மேற்கில் கெடே பங்ராங்கோ, ஆலிமூன் சாலாக் ஆகிய தேசியப் பூங்காக்களின் காடுகள் இதன் சிறப்பான இருப்பிடங்கள். கெடே பங்ராங்கோ 1980இல் இந்தோனேசியாவின் முதல் ஐந்து தேசியப் பூங்காக்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. பங்ராங்கோவின் உயரம் 3,019 மீட்டர். கூலும் வான் ஹாசெல்ட்டும் ஆராய்ந்த அதே மலைகளே இவை.

வகைப்பாடு வெறும் பெயர் விளையாட்டன்று என்பது இங்கேதான் தெளிவாகிறது. ஓர் இனம் பிலிப்பைன் முதல் சுமத்திரா வரை பரந்து வாழ்கிறது என்று எண்ணினால், ஒரு மலையில் அது அழிந்தாலும் பிற மலைகளில் உளதென்று ஆறுதல் கொள்ளலாம். அஃது ஒரே தீவுக்கு உரியது என்று தெளிந்தபின் அவ்வாறுதலுக்கு இடமில்லை. அத்தீவோ 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 15 கோடிக்கும் மேற்பட்ட மக்களைத் தாங்குவது. சமவெளியும் மலையடிவாரமும் வயலாகவும் தோட்டமாகவும் ஊராகவும் மாறிவிட்டன. காடு எரிமலைகளின் மேற்சரிவுகளில் திட்டுத் திட்டாக நிற்கிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இத்தவளையைக் 'குறைந்த கவலைக்குரியது' என்ற பிரிவில் வைத்துள்ளது. மாற்றங்களை ஓரளவு தாங்கி இரண்டாம் நிலைக் காடுகளிலும் இது வாழ்வதால் அம்முடிவு தவறன்று. ஆயினும் அது தீவு முழுமைக்குமான மதிப்பீடு. தனித்தனி மலைகளைப் பற்றிய உறுதிமொழியன்று.

கூலின் பெயரையே தாங்கிய மற்றொரு தவளைக்கும் இதே கதி நேர்ந்தது. லிம்னோனெக்டெசு கூலி என்னும் ஓடைத் தவளை தென்கிழக்காசியா எங்கும் பரந்த ஓரினம் என்று கருதப்பட்டு வந்தது. அதனுள் இருபதுக்கு மேற்பட்ட தனித்த கால்வழிகள் மறைந்துள்ளன என்று 2010இல் வெளியான மரபணு ஆய்வு காட்டிற்று. அங்கும் மூலப்பெயர் சாவகத்திற்கே உரியதாயிற்று.

நம் நாட்டின் நிலை என்ன என்பதையும் ஒருவாறு கூறுவோம். மேற்குத் தொடர்ச்சி மலையில் இக்குலத்துத் தவளை இல்லை. வடகிழக்கில் உண்டு. 1864இல் ஆல்பர்ட் குந்தர் கிழக்கு இமயப் பகுதியின் தவளை ஒன்றிற்குச் செனோஃப்ரிஸ் மொண்டிகோலா என்று பெயரிட்டார். மொண்டிகோலா என்றாலும் மலைவாழ்வது என்பதே பொருள். மொண்டானாவும் மொண்டிகோலாவும் ஏட்டில் அடுத்தடுத்து நின்று மயக்கம் தந்தமைக்கு வேறு காரணம் வேண்டுவதில்லை. இங்கர் 1954இல் பிலிப்பைன் தவளைகளை அடக்கியதும் மெகோஃப்ரிஸ் மொண்டிகோலா என்ற பெயரின் கீழேயே. இமயத்து மொண்டிகோலாவை 2017இல் ஆய்வாளர் மறுபடியும் முழுமையாக விவரித்துப் பெயர்ச்சிக்கலை அவிழ்த்தனர். 2018இல் பிஜு முதலியோர் கிழக்கிமயம், மேகாலயம் ஆகிய பகுதிகளின் கொம்புத் தவளைகளை மறுஆய்வு செய்து நான்கு புதிய இனங்களை அறிவித்தனர். அவற்றுள் ஒன்றின் பெயர் ஓரியோகிரிப்டா. காரோ மலையில் வாழ்வது. 2020இல் வடகிழக்கிலிருந்து மேலும் மூன்று இனங்கள் வந்தன. பர்வா என்னும் பர்மியத் தவளையாகத் தவறாக எண்ணப்பட்டு வந்தவை அவை. நாகாலாந்து, மணிப்பூர் எல்லையிலுள்ள சுக்கோ பள்ளத்தாக்கின் பெயரையே அவற்றுள் ஒன்று தாங்கி நிற்கிறது. சாவகத் தவளையின் இமைக்கொம்பு இவற்றிற் சிறு புடைப்பாகக் குறுகியிருக்கும். மலையோடைத் தேக்கத்திற் கைவிளக்கு ஒளியில் குனிந்து நோக்கினால், நீர்ப்பரப்பில் விரிந்து மிதக்கும் புனல் வாயை இங்கும் காணலாம்.